ஒரே தண்ணீர்

ஓமைரா தண்ணீரில் இறங்குவதை நிறுத்திவிட்டாள் என்பது எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே நாரைகளுக்குத் தெரிந்துவிட்டது. விடியும்போதே அவள் வீட்டுப் பின்படிக்கட்டைச் சுற்றி வந்து நிற்கிறவை, தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அடுத்த வீட்டுத் தானிலோவின் படிக்கட்டுக்கு இடம் மாறி நின்றன.

எங்கள் பெண்கள் மீன் கழுவுவது ஏரிக்குள் நின்றுதான். வீட்டின் பின்னால் இறங்கும் படிகளில் கடைசிப் படியைத் தாண்டினால் இடுப்பளவு ஆழம். அங்கே நின்றபடி, நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் மீனைப் போட்டு, வயிற்றைக் கீறி, குடலை உருவிக் கையை விரித்தால் போதும். மிச்சத்தை ஏரி பார்த்துக்கொள்ளும். அடுப்புச் சாம்பல், வாழைக்காய்த் தோல், பாத்திரம் கழுவிய நீர், குழந்தையின் அழுக்கு, எதுவானாலும் தரைப்பலகை இடுக்கு வழியாகக் கீழே விட்டுவிடுவோம். வேண்டாததைக் கீழே விட்டால் ஏரி எடுத்துக்கொள்ளும் என்பதை எங்கள் பிள்ளைகள் நடக்கக் கற்பதற்கு முன்பே கற்றுக்கொள்கிறார்கள். நடப்பதற்கு எங்களுக்கு மண்ணும் கிடையாது. கத்தத்தூம்போ ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில், கழிகளின்மேல் நிற்கும் வீடுகள் எங்களுடையவை.

ஓமைரா மேலே, சமையலறை வாசலில், வாளியில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு மீனைக் கழுவினாள். அதை முதலில் கேட்டவள் தானிலோவின் மனைவி செனாய்தா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு படகு போகும் இடைவெளிதான்.

"என்ன ஓமைரா, பூனை மாதிரி தண்ணியப் பாத்துக்கிட்டு மேல உக்காந்திருக்க?"

"முதுகு வலிக்குது."

"முதுகு வலின்னா தண்ணிக்குள்ள நின்னாத்தான் சுகம். நாலு பெத்தவ சொல்றேன்."

ஓமைரா அடுத்த மீனை எடுத்தாள். செதில் பறந்து அவள் முழங்கையில் ஒட்டியது. அவள் சட்டென்று பதில் சொல்கிறவள் இல்லை. அவளிடம் கேள்வி கேட்டவர்கள் வலையை ஒரு முறை உதறி மடித்துவிட்டு வந்து பதிலை வாங்கிக்கொள்ளலாம் என்று ஊரில் சொல்வார்கள்.

"கடிக்குது" என்றாள் கடைசியில்.

"எது, திருக்கையா?"

"தண்ணி."

செனாய்தா சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"திருக்கைன்னா ஒரு தடவ குத்தும். ஊருக்கே கேக்கக் கத்திட்டுப் போயிடலாம். இது அப்படியில்ல. எறும்பு ஊர்ற மாதிரி கால்ல ஆரம்பிக்கும். அப்புறம் தொடை இறுகும். கையில கத்தி இருக்கா இல்லையான்னு தெரியாது. கொஞ்ச நேரத்துல விட்டுடும். மறுபடி வரும்."

"ரத்தம் கெட்டுப் போயிருக்கும். இல்லாட்டி உனக்கு அந்த வயசு வந்திருச்சு. எனக்கும் உள்ளங்கால்ல ஊசி குத்துன மாதிரி இருந்துச்சு."

"அந்த வயசு வந்தா மேல உக்காந்தாலும் குத்தணும்ல?"

 செனாய்தாவுக்கு ஊரில் சொல்வதற்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் அது எங்கள் வரிசையின் கடைசி வீடுவரை போய்த் திரும்பியிருந்தது.

*

வரிசை என்று சொன்னாலும் அதில் வீடுகளைவிட இடைவெளிகள்தான் அதிகம். ஆறு கொண்டுவரும் வண்டலில் ஏரி மேடாகிக்கொண்டே வந்தது. படகு போன வழிகளில் கோரை முளைத்தது. ஒவ்வொரு குடும்பமாக வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி, இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் அடுக்கிக்கொண்டு, வேறோர் ஆற்றின் மேல்முகத்தில் இருக்கும் சாந்தா பார்பரா ஊருக்கோ எங்கேயோ போனார்கள். போன வீட்டின் கழிகள் மட்டும் நீரில் நின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்தின.

போகாதவர்கள் தங்கியிருந்தது பனிக்கட்டியால். அந்தப் பனிக்கட்டி ஓமைராவின் ப்ரீசரிலிருந்து வந்தது.

கரையிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்று பல காலமாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன், மெரிதா நகரத்திலிருந்து ஒரு பெண் வந்து, ஊரில் உறுதியாக மிச்சமிருந்த ஒரே கூரையான பள்ளிக்கூடத்தின்மேல் சோலார் பலகைகளைப் பொருத்திக் கொடுத்தாள். வாத்தியார் போய்விட்ட அறையில் பேட்டரிகளும் இன்வெர்ட்டரும் இருந்தன. அங்கிருந்து, காலியான வீடுகளின் கழிகள் மேலாக, ஓமைராவின் சமையலறைக்கு ஒயர் வந்தது. ஓமைராவின் கணவன் நேரியோதான் கழிக்குக் கழி படகைக் கட்டி அதை இழுத்தான். ப்ரீசர் உறைய வைத்த கட்டிகளை மீனவர்கள் எடுத்துப் போவார்கள்; பிடித்த மீனையும் அதிலேயே போட்டுவைப்பார்கள். பிடித்ததில் ஒரு பங்கை ஓமைராவிடம் கொடுப்பார்கள். கரையிலிருந்து வியாபாரியின் படகு வரும்வரை மீன் கண் கலங்காமல் கிடக்கும்.

மெரிதாக்காரி மூன்று ஒயர் கொடுத்திருந்தாள். சிவப்பு, கறுப்பு, பச்சை. பச்சை எர்த்துக்கு என்றாள். பள்ளிக்கூடத்து இன்வெர்ட்டர் பெட்டியின் எர்த்தும் ப்ரீசரின் எர்த்தும் அந்தப் பச்சையால் ஒன்றாகச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நேரியோ சிவப்பையும் கறுப்பையும் இழுத்தான். பச்சையைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தான். அது டிசம்பர் மாதம். சான் பெனித்தோவின் திருநாளுக்குத் தாளக்காரர்கள் முரசுத் தோலை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். புனிதரோ பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் தன் சிறு கோயிலில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எர்த்துன்னா மண்ணுக்குப் போறது" என்று நேரியோ அன்று படகில் நின்றபடி சொன்னான். "நம்ம மண்ணு தண்ணிக்கு அடியில கிடக்கு. பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒரு கம்பி இறங்கியிருக்கு. என் வீட்டுக்கிட்ட ஒண்ண நான் இறக்கிடுறேன். ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரே தண்ணி. அதுக்கு மேல ஒயரு எதுக்கு?"

ஒருவரும் மறுக்கவில்லை. ஏரியில் வாழ்கிறவனுக்கு இதைவிடத் தெளிவான பேச்சு கிடையாது. உடைந்த படகு எஞ்சினின் நீண்ட இரும்புத் தண்டை நேரியோ தன் பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில், கழியை ஒட்டி வண்டலில் அடித்து இறக்கினான். ப்ரீசரின் உடம்பிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை அதில் கட்டினான். பச்சை ஒயரை இரண்டாக வெட்டி, இரட்டை இழையாக்கிப் புனிதரின் கோயிலுக்கு விளக்குப் போட்டான். அந்த வருடம் முரசுகள் விளக்கு வெளிச்சத்தில் அதிர்ந்தன. பெனித்தோ சிலையின் கறுத்த முகத்தில் வழக்கப்படி ரம்மைக் கொப்பளித்து ஊதியபோது அது மினுங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

*

"கொம்பாத்ரே, உன் வீட்டுல தண்ணி கடிக்குதாமே" என்றான் தானிலோ. நேரியோவின் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன் அவன். அந்த உறவில் இருவரும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றே அழைத்துக்கொள்வார்கள். "எங்க வீட்டுல பொம்பளதான் கடிக்குது. மாத்திக்கலாமா?"

நேரியோ வலையை இழுத்தான். வண்டல் கலந்த நீர் படகுக்குள் வடிந்தது. போகாசிக்கோ மீன்கள் ஏழெட்டு மாத்திரம்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காத. மிர்த்தா ஏதாச்சும் சொல்லி விட்டாளா?"

மிர்த்தா ஓமைராவின் தங்கை. சாந்தா பார்பராவில் இருக்கிறாள்.

"வியாபாரிகிட்ட சொல்லி விட்டிருக்கா. அவ வீட்டுக்குப் பின்னால இடம் சும்மா கிடக்காம்."

"ஆங்" என்றான் தானிலோ.  அந்த ஒரு ஒலி நேரியோவோடு வீடுவரை வந்தது.

வேறொரு கவலையும் அவனுக்கு இருந்தது. பேட்டரி முன்போல் நிற்கவில்லை. விடிவதற்கு முன்பே பெட்டி கீச்சிட்டு அணைந்தது. சோலார் பலகைகளில் நாரை எச்சம் படிந்திருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்தான். முனைகளைச் சுரண்டி இறுக்கினான். கூட வந்த தானிலோ, "எங்கயோ ஓடுது கொம்பாத்ரே" என்றான். "எங்க ஓடும்? சுத்தித் தண்ணி" என்றான் நேரியோ.

அன்று மதியம் ஓமைரா தேங்காய்ப்பாலில் உதிர்த்த மீனும் அவித்த வாழைக்காயும் வைத்தாள். நேரியோ பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"போகணும்னா போகணும்னு நேரா சொல்லு. தண்ணி மேல எதுக்குப் பழி போடுற?"

"போகணும்னா உன்னக் கேட்டுக்கிட்டா நிப்பேன். பசங்க போனப்பவே போயிருப்பேன்."

"அப்புறம் என்ன கதை இது?"

அவள் தன் தட்டில் வாழைக்காயை நசுக்கினாள். மூலையில் ப்ரீசர் ஒரு குலுங்கலோடு நின்றது. அந்த உறுமல் நின்றபிறகுதான் இவ்வளவு நேரம் அது இருந்தது தெரிந்தது.

"இது உறுமுறப்பத்தான் கடிக்குது" என்றாள். "நின்னா விட்டுடுது. நான் பாத்து வச்சிருக்கேன்."

"ப்ரீசர் மேல இருக்கு. நீ கீழ நிக்கிற. நடுவுல பலகை."

"கம்பி கீழ வருதுல்ல."

"அது எர்த்து, பொண்ணே. கெட்டதக் கீழ கொண்டுபோறதுக்குத்தான் அது இருக்கு. உன்னக் காப்பாத்துறதுக்கு."

"கெட்டது கீழ வந்தா, கீழ யாரு நிக்கிறா?"

நேரியோ சிரித்தான். அவனுக்கு அது பெண்பிள்ளைப் பேச்சாகப் பட்டது. எழுந்து சட்டையோடு பின்படியில் இறங்கி, இடுப்பளவு நீரில் நின்று கைகளை விரித்துக் காட்டினான். செனாய்தா தன் வாசலிலிருந்து பார்ப்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"தண்ணி தண்ணியாத்தான் இருக்கு."

"இப்ப உறுமல."

"அது உறுமுற வரைக்கும் நான் தவளை மாதிரி இங்க நிக்கணுமா?"

செனாய்தாவின் வாசலில் யாரோ சிரித்தார்கள். ஓமைரா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் நாரைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. அவள் தண்ணீரில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஊர் வாயை அடைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை என்று செனாய்தா சொன்னாள். இருக்கலாம். அல்லது அவளுக்குள் என்ன இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும். பேசாதவர்கள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அது அவர்கள் முகத்தில் வருவதில்லை.

அதன்பின் பல நாட்கள் இப்படிப் போயின. அவள் கீழே நின்று கழுவுவாள். அவன் மேலே சமையலறை வாசலில் காலைத் தொங்கப்போட்டு, கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ப்ரீசர் உறும ஆரம்பிக்கும். கீறிக்கொண்டிருந்த அவள் கை நிற்கும். பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். உதடுகள் வெளுக்கும். அவன் ஊசியை நிறுத்தாமல் அவளைப் பார்ப்பான். அவள் அவனைப் பார்க்க மாட்டாள். உறுமல் நிற்கும். அவள் மறுபடி கீறுவாள்.  காற்று இல்லாத அந்தக் காலைகளில் கத்தி செதிலைச் சுரண்டும் சத்தம் வரிசை முழுவதும் கேட்கும்.

நடிக்கிறாள் என்று அவன் நினைத்தானா, நடிக்கவில்லை என்று உள்ளுக்குள் தெரிந்தும் அதை ஒத்துக்கொள்ள முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தானா, அதை அவன்தான் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் ப்ரீசரைத் தொட வேண்டும். ப்ரீசரைத் தொட்டால் பனிக்கட்டி போகும். பனிக்கட்டி போனால் ஊர் போகும். ஒரு மனிதன் மனைவியின் வெளுத்த உதட்டைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் யோசித்துப் போக முடியும்.

ஒருநாள் அவள் நேராக மூழ்கினாள். கையை உயர்த்தவில்லை, கத்தவில்லை. நின்றவள் நின்றபடியே இறங்கி மறைந்தாள். செனாய்தா கத்திக்கொண்டே ஓடிவந்து குதிப்பதற்குள், ப்ரீசர் குலுங்கி நிற்க, ஓமைரா இருமிக்கொண்டு தலையை வெளியே எடுத்தாள். நேரியோ மடியிலிருந்த வலையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

படியேறி வந்தவள் தலைமுடியைப் பிழிந்தாள்.

"நாளைக்கு நீ இறங்கு" என்றாள். "நான் சொல்றப்ப."

*

மறுநாள் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காற்று செத்துக் கிடந்தது. நேரியோ கடைசிப் படியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் அவன் கணுக்காலைத் தொட்டது. உள்ளே ஓமைரா, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் ப்ரீசருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டு வாசலில் தானிலோவும் செனாய்தாவும் சந்தைக் கூத்தைப் பார்க்க வந்தவர்கள்போல நின்றார்கள்.

"கொம்பாத்ரே, கடிச்சா எந்தப் பக்கம் கடிச்சதுன்னு சொல்லு" என்றான் தானிலோ. "எனக்கு ஒரு பக்கம் மரத்துப் போச்சு, அங்க கொஞ்சம் கடிக்க வைக்கலாம்."

"வாய மூடு" என்றாள் செனாய்தா.

ப்ரீசர் குலுங்கி உறும ஆரம்பித்தது.

"இறங்கு" என்றாள் ஓமைரா உள்ளிருந்து.

அவன் இறங்கினான். இடுப்பளவு வந்ததும் நின்றான். அவன் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. தானிலோ அதைக் கவனித்தான். ஆனால் நேரியோ சிரித்துவிட்டான்.

"இதுக்கா? கொஞ்சம் எறும்பு ஊருது. இதுக்கா இம்புட்டு?"

ஓமைரா வாசலுக்கு வந்து நின்றாள். பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவனை உசுப்பியிருக்க வேண்டும்.

"இந்தத் தண்டுதான உன் பேயி? இந்தா பாரு" என்று கழிப் பக்கம் இரண்டு எட்டு நடந்து, இரும்புத் தண்டை வலது கையால் பிடித்தான்.

அடுத்த வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அவன் எதையோ உற்றுக் கேட்பதுபோல் இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தொப்பி நழுவி நீரில் விழுந்து மெல்ல விலகிப் போனது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

"நடிப்பப் பாரு" என்றான் தானிலோ.

செனாய்தா நேரியோவைப் பார்க்கவில்லை. ஓமைராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாசல்காலில் ஒரு கையை வைத்து நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். ப்ரீசரின் பிளக் அவளுக்குப் பின்னால், கை எட்டும் சுவரில் இருந்தது. அவள் கணவனின் முகத்தை நேராகப் பார்த்தாள். ஊசியும் வலையும் இல்லாமல் அவன் முகத்தை அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.  அவள் அப்படி நின்ற நேரம் கொஞ்சம்தானா, நிறையவா என்று பிறகு கேட்டால் செனாய்தா ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்வாள்.

பிறகு ஓமைரா திரும்பினாள். உறுமல் அறுந்தது.

நேரியோவின் கை தண்டை விட்டது. அவன் மூழ்கினான். தானிலோ அப்போதுதான் குதித்தான்.

*

அவனைப் பலகையில் கிடத்தினார்கள். வாந்தி எடுத்தான். உள்ளங்கையில் தண்டு பட்ட இடம் வெளுத்துத் தடித்திருந்தது. ஓமைரா கற்றாழையைக் கீறி அதன்மேல் வைத்துத் துணியால் கட்டினாள். சர்க்கரை நிறையப் போட்டுக் காப்பி கொடுத்தாள். இடது கையால் வாங்கிக் குடித்தான்.  சுவரில் பிளக் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் அவன் படகை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பெட்டியிலிருந்து இறங்கி நீருக்குள் போகும் கம்பியைப் பார்த்தான். சன்னல் வழியே, தூரத்தில் தன் சமையலறையின் தண்டைப் பார்த்தான். நடுவில் ஏரி, ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தது. பிறகு எழுந்து சான் பெனித்தோவின் கோயிலுக்குப் போய் ஒயரைக் கழற்ற ஆரம்பித்தான்.

"பெனித்தோகிட்டயே திருடுறியா?" என்று கேட்டுக்கொண்டே தானிலோ வந்தான்.

"அவரு இருட்டுல உக்காந்து பழகுனவரு. கோவிச்சுக்க மாட்டாரு."

"ரம்மு இல்லாட்டித்தான் கோவிச்சுப்பாரு. அத நான் பாத்துக்கறேன். நீ அந்த நுனியப் பிடி."

இரண்டு துண்டையும் நடுவில் முறுக்கி இணைத்தார்கள். நேரியோவின் வலது கை மடங்கவில்லை. முறுக்கியது தானிலோதான். கழிக்குக் கழி படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும்போது தானிலோவால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒரே தண்ணின்னு நீதான கொம்பாத்ரே சொன்ன?"

நேரியோ ஒயரைக் கழியில் கட்டி முடித்தான்.

"ஒரே தண்ணிதான். அதான் வினை. ப்ரீசருக்குள்ள எங்கயோ உப்பு அரிச்சு, ஓடுற ஒயரு அதோட உடம்பத் தொட்டிருக்கு. அங்கயிருந்து தண்டுல இறங்குது. இறங்குனது பள்ளிக்கூடத்துப் பெட்டிக்குத் திரும்பணும். அது மண்ணுக்குள்ள போயி அடங்குறது இல்ல, வந்த இடத்துக்குத் திரும்புறது. பச்சை இருந்தா பச்சையில போயிருக்கும். இல்ல. அதனால தண்ணியில போயிருக்கு." கழியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அந்த வழியில அவ நின்னிருக்கா."

தானிலோ துடுப்பை நீரில் வைத்தான். எடுக்கவில்லை.

பச்சையின் ஒரு முனையைப் பள்ளிக்கூடத்தில் கட்டினார்கள். மறுமுனையை ப்ரீசரின் உடம்பில் கட்டினார்கள். பனிக்கட்டிக்காகக் காத்திருந்தவர்கள் வாசலில் படகுகளோடு கூடியிருந்தார்கள். ஓமைரா பிளக்கைச் சொருகினாள்.

ப்ரீசர் ஒரு முறை தொண்டையைச் செருமியது. பள்ளிக்கூடத்திலிருந்து பெட்டி கீச்சிடுவது நீரின்மேல் கேட்டது. எல்லாம் அணைந்தது. தானிலோ போய்ப் பெட்டியைத் திரும்ப எழுப்பினான். மறுபடி சொருகினாள். மறுபடி அணைந்தது.

"ஒயரு சரியில்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"சரியா இருக்கு" என்றான் நேரியோ. "அதான் ஓட மாட்டேங்குது. இம்புட்டு நாளும் தண்ணி மெதுவா குடிச்சத இப்ப பச்சை ஒரே மடக்குல குடிக்குது. பெட்டி தாங்காம மூடிக்கிது."

"ப்ரீசரச் சரி பண்ண முடியாதா?"

"உள்ள மோட்டாரு போச்சு. அது அடைச்ச சாமான். பிரிச்சா செத்துடும்."

ஒரு படகு இன்னொரு படகில் மெல்ல இடித்தது. வியாபாரி வர இரண்டு நாள் இருந்தது. ப்ரீசருக்குள் பாதிக்குமேல் மீன். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தோன்றியதைத் தானிலோதான் சொன்னான், மெதுவாக, யார் முகத்தையும் பார்க்காமல்.

"பச்சையக் கழட்டிட்டா ஓடும்ல?"

"ஓடும்."

"பொம்பளைங்கள மேல உக்காந்து கழுவச் சொல்லிடலாம். பிள்ளைங்கள இந்தப் பக்கம் குளிக்காதீங்கன்னு சொல்லிடலாம். கொஞ்ச நாளைக்குத்தான். வேற ஒண்ணு கிடைக்கிற வரைக்கும்."

வேறு ஒன்று கிடைக்காது என்பது அவனுக்கும் தெரியும். நேரியோ ப்ரீசருக்கு முன்னால் குந்தி, பச்சை ஒயரின் முடிச்சில் இடது கையை வைத்திருந்தான். ஓமைரா சுவரோரம் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் அவள் பேசாதபோது அவன் அதற்குத் தனக்குப் பிடித்த அர்த்தத்தை வைத்துக்கொள்வான்.

அவன் முடிச்சை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினான். எழுந்து ப்ரீசரின் மூடியைத் திறந்தான்.

"அவங்கவங்க மீன எடுத்துக்கங்க" என்றான். "கட்டி உருகுறதுக்குள்ள உப்புப் போட்டுடுங்க."

யாரும் வாதாடவில்லை. கூடைகள் கைமாறின. உருகாத கட்டிகளைப் பிள்ளைகள் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படகுக்குப் படகு தாவின. புனித வாரத்துக்கு உப்புமீனுக்குக் கிராக்கி இருக்கும், இந்த மாதம் ஓடிவிடும் என்றார்கள். அதற்கடுத்த மாதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. போகும்போது ஒருவர் நேரியோவிடம், உன்னிடம் இரண்டு படகைச் சேர்த்துக் கட்டுகிற நீளக் கயிறு இருக்கிறதல்லவா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றான்.

எல்லோரும் போனபின் தங்கள் பங்கு மீன் பலகையில் மலையாகக் கிடந்தது. ஓமைரா கத்தியை எடுத்தாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. கொஞ்ச நேரம் நீருக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு முதல் மீனைக் கீறினாள்.

நேரியோ உப்புச் சட்டியோடு மேல்படியில் உட்கார்ந்தான். அவள் கழுவி வைப்பதை எடுத்து, பிளந்த வயிற்றில் இடது கையால் உப்பைத் தேய்த்து அடுக்கினான். தெற்கே வானத்தின் விளிம்பில் எங்கள் ஏரியின் வழக்கமான சாயங்கால மின்னல் சத்தமில்லாமல் தொடங்கியிருந்தது. 

"நேத்து" என்றான் அவன்.

அவள் கை நிற்கவில்லை.

"வாசல்ல எம்புட்டு நேரம் நின்ன?"

அவள் அந்த மீனைக் கழுவி முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் முடித்தாள்.

"நீ வலை பின்னிக்கிட்டு என்னப் பாத்த அளவுக்கு இல்ல" என்றாள்.

நேரியோ அடுக்கின மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் முழங்காலைத் தொடும் படிவரை இறங்கி வந்து உட்கார்ந்தான். அவள் கழுவிய மீனைப் பலகையில் வைக்காமல் அவன் கையில் கொடுத்தாள்.